மலை கொண்டுபோனவள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து மாத்தளைப் பக்கமாக நீளும் வீதிதான் ஏ-9. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் இந்த வீதியை நம்மில் பலர் போர்க்காலச் செய்திகளின் வழியாகவே அறிவோம். ஓமந்தை, ஆனையிறவு, முகமாலை என்று அதன் வட பகுதியைப் பற்றி நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதன் தென்முனையில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் கிடக்கும் பகுதியைப் பற்றி முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதை எழுதவைத்தது நோர்வே நாட்டு இசைத்தட்டு ஒன்று. கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுதான்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல்.

நான் பேராதனையில் கலைப்பட்டம் முடித்துக் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் சேர்ந்தது 1993-ல். டெலிபிரின்டர் கக்கும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி, இடத்துக்கேற்ப வெட்டித் தருவதே வேலை. 1994 மே மாதத்தில் ஒரு செய்தி வந்தது. நோர்வேயில் இசைக்கலைஞர் ஒருவர் மற்றோர் இசைக்கலைஞரைக் கத்தியால் குத்திக் கொன்றதற்காகவும் தேவாலயங்கள் சிலவற்றுக்குத் தீ வைத்ததற்காகவும் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் என்பது விடயம். ஆறாம் பக்கத்தில் இரண்டு பத்தி இடம் இருந்தது. அதை நிரப்ப, மூலச் செய்தியில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன்: இந்த இசை பேயின் கூச்சலேயன்றி வேறில்லை என்று. அந்த இசையில் ஒரு நொடியைக்கூட நான் அதற்குமுன் கேட்டிருக்கவில்லை. ஆசிரியர் பீடத்தில் எவரும் என்னைக் கேள்வி கேட்கவுமில்லை.

அன்று நோர்வே எங்களுக்கு வெகுதூரத்து நாடு. சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2000-ஆம் ஆண்டு தொடக்கம் எரிக் சொல்ஹெய்மின் பெயர் எங்கள் முதற்பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. 2002 பெப்ரவரி 22-ல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. 2008 ஜனவரியில் அது முறிந்தது. அந்த ஆண்டுகளில் நோர்வேயின் பாராளுமன்றம், கட்சிகள், மீன்பிடி, எண்ணெய் வளம் அனைத்தையும் படித்தோம். அந்நாட்டு மக்கள் என்ன பாடுகிறார்கள் என்பதை மட்டும் படிக்கவில்லை.

செய்தியின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிளக் மெட்டல்' என்ற பெயர், இங்கிலாந்தின் வெனம் குழு 1982-ல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்தது. சுவீடனின் பாத்தரி குழு அந்த ஒலியை மேலும் இருளச் செய்தது. அதைத் தனி இயக்கமாக்கியவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நோர்வேயில் இருந்த, பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதுடைய இளைஞர்கள். 1992 ஜூன் 6-ல் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டொஃப்டில் இருந்த பழைய மரத் தேவாலயம் எரிந்து சாம்பலாயிற்று. தொடர்ந்து வேறு ஆலயங்களும் எரிந்தன. 1993 ஜனவரியில் பெர்கன் நாளிதழ் ஒன்று, பெயர் குறிப்பிடாத இசைக்கலைஞர் ஒருவரின் செவ்வியை வெளியிட்டது. தீவைப்புப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட அந்த இளைஞர் வர்க் விகர்ணெஸ் என்பது விரைவில் வெளிப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 10-ல் ஒஸ்லோவில் மேய்ஹெம் குழுவின் கிற்றார் கலைஞர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றவர் விகர்ணெஸ்.

இதில் எதையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நான் பள்ளி மாணவன். 1983 ஜூலையில் கண்டி நகரத்துக் கடைகள் எரிந்த புகையை ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்தவன். மக்கள் போற்றும் ஓர் இடத்துக்குத் தீ வைப்பவனின் இசைஞானத்தைப் பற்றிப் பேச எனக்கு அவசரமில்லை. ஆனால் ஓர் உண்மை எஞ்சியிருக்கிறது. தண்டனை பெற்றவர்கள் ஒரு சிலர். அதே நகரங்களில், அதே ஆண்டுகளில், அதே இசையைப் பயின்ற வேறு சிலர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எரிந்ததை எழுதினோம். பாடியதைக் கேட்கவில்லை.

என் மகன் பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலம், 2017. மாலையில் அவன் அறையிலிருந்து வரும் இரைச்சலைச் சகித்துப் பழகியிருந்தேன். ஒருநாள் அந்த இரைச்சலின் நடுவே புல்லாங்குழல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "அப்பா, இது நீங்க பேயின்னு எழுதின சாமான்தான்" என்றான். பழைய நறுக்குகளை ஒட்டி வைத்திருந்த என் கொப்பியை அவன் எப்போதோ படித்திருக்கிறான்! அன்று அவனுடன் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். சுமார் 35 நிமிடம்.

அது உல்வர் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு, 'பெர்க்டாட்'. வெளியான ஆண்டு 1995. அதாவது என் செய்தி அச்சாகி ஓராண்டுக்குள். நோர்வே மொழியில் உல்வர் என்றால் ஓநாய்கள். 1993-ல் ஒஸ்லோவில் உருவான குழு அது. 'கார்ம்' என்ற புனைபெயரில் பாடிய கிறிஸ்டொஃபர் ரிக்குக்கு, 1994 இறுதியில் ஒலிப்பதிவு நடந்தபோது வயது 18.

பிளக் மெட்டலின் இலக்கணம் எளிது. கிற்றாரில் ஒரே சுரத்தை இடையறாது அதிவேகமாக மீட்டுவார்கள். தனிச் சுரங்கள் மறைந்து, லயத்துத் தகரக் கூரையில் பெருமழை இறங்குவது போன்ற ஒரே ஓசையாகிவிடும். மேளம், தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் கேட்கும் வேகத்திலேயே தொடக்கம் முதல் இறுதிவரை ஓடும். அதன்மேல் கிறீச்சிடும் குரல். ஒலிப்பதிவு வேண்டுமென்றே கரடுமுரடாக இருக்கும். உல்வர் இவற்றை விட்டுவிடவில்லை. ஆனால் முதற்பாட்டில் மழையும் மேளமும் கொட்டிக்கொண்டிருக்க, அவற்றின் மேலே மடாலயத்துத் துறவிகள் கூட்டமாய் ஓதுவதைப் போன்ற அமைதியான குரலே செல்கிறது. இரண்டாம் பாட்டைத் திறப்பது புல்லாங்குழல். மூன்றாம் பாட்டின் நடுவில் எல்லாம் நின்று பியானோ ஒலிக்கிறது; சருகும் சுள்ளியும் நொறுங்க யாரோ ஓடும் ஓசை கேட்கிறது. நான்காவதில் மின்கிற்றாரே இல்லை. இந்தத் துறையில் அன்று இவை வழக்கத்துக்கு மாறானவை. காட்டைப் பற்றிப் பாட வந்தவர்கள், காட்டில் இரைச்சலோடு அமைதியும் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

பாடல்கள் ஐந்தும் ஒரே கதையின் ஐந்து அத்தியாயங்கள். மாலைப்பொழுதில் காட்டில் வழிதவறும் ஓர் இளம்பெண்ணை மலைக்குள் வாழும் பூதகணங்கள் கவர்ந்து உள்ளே இட்டுச்செல்கின்றன. 'பெர்க்டாட்' என்ற சொல்லுக்கு 'மலையால் கொள்ளப்பட்ட' என்று பொருள். இந்த இளைஞர்கள் கதையை இன்றைய நோர்வேஜிய மொழியில் எழுதவில்லை. 1814 வரை நோர்வே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. அங்கு எழுத்து மொழியும் டேனிஷ் மொழியாகவே இருந்தது. அந்தப் பழைய எழுத்துக்கூட்டலிலேயே பாட்டெழுதினார்கள். நம்மூர்ப் பையன் ஒருவன் ஆறுமுக நாவலர் காலத்து உரைநடையில் மெட்டல் பாடல் எழுதியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கதை அவர்களின் சொந்தக் கற்பனை அன்று. நோர்வேயின் கிராமங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த நம்பிக்கை. அஸ்பியோர்ன்சன், மோ என்ற இருவர் 1841 முதல் நாட்டார் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். தியோடர் கிட்டெல்சன் என்ற ஓவியர் காட்டுப் பூதங்களுக்கு உருவம் தந்தார். அந்த மரபு கூறும் செய்தி ஒன்று என்னை நிறுத்தியது. மலை யாரையேனும் கொண்டுபோய்விட்டால், ஊரார் தேவாலய மணியை விடாது அடிப்பார்களாம். மணியோசை எட்டினால் மலை தன் பிடியை விடும் என்பது நம்பிக்கை. காணாமற்போனவளை அழைத்துவரும் மணிகள் தொங்கிய கோபுரங்களைத்தான் அந்தத் தலைமுறையில் சிலர் எரித்தார்கள். உல்வரோ எவரையும் மீட்காமல், அவள் போன வழியே போய் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. குறிஞ்சித் திணையின் பெரும்பகுதி இந்த அச்சத்தின் மீதே கட்டப்பட்டது. மகள் மெலிகிறாள், மலையுறை தெய்வம் அணங்கியது என்று தாய் அஞ்சுகிறாள், வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். உண்மைக் காரணம் காதலன் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சூரரமகளிரும் வரையரமகளிரும் உலவும் மலைகள் நம்முடையவை. நிலத்துக்குத் தெய்வம், மரம், விலங்கு, பறவை என்று வகுத்த தொல்காப்பியர் பறையையும் யாழையும் அதே பட்டியலில் வைத்தார். காட்டுக்குக் காட்டின் இசை என்ற எண்ணத்துக்கு நாம் ஒஸ்லோ வரை போகவேண்டியதில்லை.

சங்கக் கவிஞர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தார்: மலைத் தெய்வத்தின் மீது பழியைப் போடும்போது வீட்டுக்குள் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது.

எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபின், மன்னார்க் கரையில் இறங்கிய கூலிகள் கங்காணியின் பின்னால் ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். காட்டு வழி அது. தம்புள்ளை, மாத்தளை, பிறகு எங்கள் கட்டுகஸ்தோட்டை. ஆற்றைக் கடந்தால் கண்டி. சிங்களத்தில் முள்மரத்துறை என்று பொருள்படும் இந்த ஊர், அவர்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்ததன் அடையாளம். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பெருந்தொகையினர். வந்து சேர்ந்தவர்கள் காட்டை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீயிட்டுக் கோப்பி நட்டார்கள். 1869-ல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

என் தந்தையின் அக்காவுடைய பாட்டி சிறுமியாக அந்த வழியில் நடந்து வந்தவர். அவருக்கு ஓர் அக்காள் இருந்தாள். மாத்தளைக்கு வடக்கே ஓரிடத்தில் விறகு பொறுக்கப் போனவள் திரும்பவில்லை. "மலை எடுத்துக்கிச்சு" என்பதே எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாக வழங்கும் வாசகம். ஆண்டுக்கொருமுறை முனியாண்டிக்குப் படைக்கும்போது அவளுக்கென்று தனியாக ஒரு வாழையிலை போடுவார்கள். சிறுவயதில் அதைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். வளர்ந்தபின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருக்கிறேன். இசைத்தட்டில் அந்தப் பெண் சருகுகளின் மேல் ஓடும் ஓசையைக் கேட்டபின் உறக்கம் பிடிக்கவில்லை. மறுவாரம் வத்தேகமையில் மகள் வீட்டில் இருந்த அத்தையிடம் போனேன். அவருக்கு அப்போது வயது எண்பத்தேழு.

"அத்தே, அவங்களை உண்மையிலேயே மலையா எடுத்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாந்திபேதி தம்பி. நடக்க ஏலாம விழுந்திருச்சு. நின்னா எல்லாருக்கும் ஒட்டிக்கும்னு கங்காணி நிக்க விடல. ஒரு செம்பு தண்ணிய வச்சிட்டு, மரத்தடியில விட்டுட்டு வந்துட்டாங்க. அப்ப அதுக்கு உசிரு இருந்திச்சு. எங்க பாட்டி சாகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தேன்னு சொல்லும்."

"பிறகு ஏன் மலை எடுத்துச்சுன்னு..."

"அப்படிச் சொன்னாத்தானே தம்பி மேல நடக்க முடியும்?"

பத்திரிகைக்காரனாக எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். இத்தனை சுருக்கமான விடை எனக்குக் கிடைத்ததில்லை. நோர்வேயின் கதைகளுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட விடைகள் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். பனியில் தொலைந்தவர்கள், மனம் பேதலித்தவர்கள், ஊரார் தேடாமல் விட்டவர்கள் எல்லோரையும் மலை கொண்டிருக்கும்.

உல்வர் குழுவின் அடுத்த இரண்டு இசைத்தட்டுகளையும் சொல்லி முடிக்கவேண்டும். 1996-ல் வந்தது 'க்வெல்ட்சாங்கர்', அதாவது மாலைப் பாடல்கள். மின்கருவிகளே இல்லை, பெரும்பாலும் நரம்பு கிற்றார், செல்லோ, அடுக்கிய குரல்கள். மாலைப்பொழுதை முல்லைக்கு உரியதாக்கிய நமக்கு அதன் காத்திருப்பு உடனே விளங்கும். 1997-ல் வந்த 'நாட்டன்ஸ் மட்ரிகால்' அதற்கு நேர்மாறு. மனிதனுள் இருக்கும் ஓநாயைப் பாடும் எட்டுப் பாடல்கள். காதைக் கிழிக்கும் ஒலி. அந்த ஒலியின் கரடுமுரட்டைக் கேட்டவர்கள் ஒரு கதை கட்டினார்கள். நிறுவனம் தந்த பணத்தையெல்லாம் ஆடைக்கும் காருக்கும் செலவழித்துவிட்டு, குழுவினர் நடுக்காட்டில் கருவிகளை வைத்துப் பதிவு செய்தார்கள் என்று. உலகெங்கும் பரவிய அந்தக் கதை உண்மையன்று. குழுவினரே மறுத்திருக்கிறார்கள். பதிவு நடந்தது நான்கு சுவருக்குள்.

இருந்தும் அந்தக் கதை சாகவில்லை. காட்டைப் பாடியவர்கள் காட்டிலிருந்தே பாடியிருக்கவேண்டும் என்று கேட்பவர் விரும்புகிறார். நான் 1994-ல் எழுதிய 'பேயின் கூச்சல்' என்ற சொல்லும் இதே இனம்தான். அதை நான் விசாரித்து எழுதவில்லை. அப்படி இருக்கவேண்டும் என்று விரும்பி எழுதினேன். என் முன்னோரின் பொய்யாவது அவர்களை மேலே நடக்கவைத்தது. என் பொய் இரண்டு பத்தி இடத்தை நிரப்பியது.

இந்த இசை அங்கேயே நின்றுவிடவுமில்லை. சிங்கப்பூரில் 1992-லேயே தொடங்கிய 'ருத்ரா' குழுவில் கதிரேசன் போன்ற நம்மவர்கள் இந்தக் கடும் ஒலியோடு வடமொழி மந்திரங்களைச் சேர்த்துப் பாடினார்கள். உல்வர் மெட்டலையே விட்டு விலகி வேறு இசைகளுக்குச் சென்றது. 2010 ஜூலையில் ஒஸ்லோவின் தேசிய ஒபரா அரங்கில் கச்சேரி செய்தது. 2013-ல் ட்ரொம்ஸோ நகரின் இசைக்குழுவோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட படைப்பின் பெயர் 'மெஸ்ஸ'. தேவாலயத்தில் நிகழும் பூசையைக் குறிக்கும் சொல். தீயின் செய்தியை ஆறாம் பக்கத்தில் போட்ட நாங்கள் இவற்றுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

நோர்வே இளைஞனுக்குக் காடு தன் முன்னோரின் வீடு. நகரத்தை வெறுத்து அவன் அங்கே திரும்பிப்போக முடியும். எங்களுக்கு அப்படி ஒரு திரும்புதல் இல்லை. எங்கள் முன்னோர் காட்டைக் கூலிக்கு வெட்டியவர்கள். வெட்டப்போகும் வழியில் காட்டுக்குத் தம்மவரைக் கொடுத்தவர்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் வருகிற அளவுக்கு அந்த மாத்தளைக் காடு வருவதில்லை. வந்து சேர்ந்தவர்கள் அதைப் பாட விரும்பியிருக்கமாட்டார்கள். வடகிழக்கே தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் எஞ்சிய காடு, 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதியாகக் காக்கப்படுகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மலைகளின் அடிவாரத்து வழியில் கிடப்பவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் 'திருத்தம்' என்று சிறிய எழுத்தில் போடுவது வழக்கம். என்னுடையது முப்பது ஆண்டுகள் தாமதமான திருத்தம், இரண்டு வரி. அந்த இசையைக் கேட்காமலே எழுதினேன், தவறு என்னுடையது. எங்கள் பாட்டியின் அக்காளை மலை கொண்டுபோகவில்லை. காய்ந்த தொண்டையோடு, உயிரோடு, மனிதர்கள் விட்டுவிட்டு வந்தார்கள்.

அத்தை மறுவருடம் காலமானார். அவளுடைய பெயர் என்ன என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. வாழையிலையை மட்டும் இன்றும் போடுகிறோம். அருகே ஒரு செம்பு தண்ணீரும் வைக்கிறோம்.